உங்களுக்குத் தெரியுமா? ‘டைவர்ட்’ நம் மடையில் இருக்கிறது

பெரம்பலூர் வழியாகப் போகும் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் வேலை நடந்தால் ‘டேக் டைவர்ஷன்’ பலகை வைப்பார்கள். பெயர்ச்சொல் டைவர்ஷன், வினை ‘டைவர்ட்’, இறந்தகாலத்தில் ‘டைவர்டட்’. ‘திருப்பு’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. வண்டியை மட்டுமல்ல, தண்ணீர், பணம், கவனம் எல்லாவற்றையும் டைவர்ட் செய்யலாம். அதிலிருந்து வரும் ‘டைவர்ட்டிங்’ என்ற உரிச்சொல்லுக்கோ ‘மகிழ்விக்கிற’ என்றும் பொருள். கவலையிலிருந்து மனத்தைத் திருப்புவதுதானே வேடிக்கை!

தண்ணீருக்குச் சாட்சி, அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லையில் ஓடும் கொள்ளிடம். கங்கைகொண்ட சோழபுரத்துக்குத் தெற்கே அணைக்கரையில் 1830-களில் எழுந்த கீழணை, ஆற்றை மறித்து வடவாற்றில் திருப்புகிறது. அந்த நீர் வீராணம் ஏரிக்குப் போய், அங்கிருந்து குழாய்வழியே சென்னைக்கும் போகிறது.

தமிழ் இங்கே ஒரு படி நுட்பமானது. தானாகத் திரும்பினால் ‘திரும்பு’, பிறர் செய்தால் ‘திருப்பு’: ஒரு மெய்யெழுத்து மாறினால் போதும். டைவர்ட்டுக்கு அந்த வசதி கிடையாது. டைவர்ட்டுக்கு நம்மிடம் இன்னொரு சொல்லும் உண்டு: வயலில் மண்வெட்டியால் வரப்பை வெட்டி நீரை அடுத்த பாத்திக்கு விடுவது மடைமாற்றுதல். நிதி வேறு கணக்குக்குப் போனால் பத்திரிகைகள் ‘மடைமாற்றம்’ என்கின்றன. சொல்லையே வயலிலிருந்து மடைமாற்றிவிட்டார்கள்!