முஹம்மது அலியை நேசிக்கிறோம், முகத்தில் குத்தலாமா?

“உஸ்தாத், முஹம்மது அலியே குத்துச்சண்டை போட்டவர்தானே? பிறகு நீங்க ஏன் கூடாதுன்னு சொல்றீங்க?”

சவூதியில் பெரிய ஹெவிவெயிட் போட்டி ஏதாவது அறிவிக்கப்பட்டால் குளச்சல் இளைஞர்களிடமிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும். வளைகுடாவோடு தொடர்பில்லாத குடும்பம் நமதூரில் குறைவு. ரியாதில் நடப்பது நமக்குப் பக்கத்துத் தெருவில் நடப்பது போலத்தான். 2024 மே மாதம் அங்கே டைசன் ஃப்யூரியும் உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்கும் மோதியபோது நம் நேரப்படி ஃபஜ்ருக்கு முந்தைய வேளை. தஹஜ்ஜுதுக்கு எழாதவர்கள் அதற்கு எழுந்தார்கள் என்று குத்திக்காட்ட நான் இதை எழுதவில்லை. கேள்வி நியாயமானது. ஆனால் “ஹராம்” என்ற ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி அனுப்பிவிட்டால் கேட்டவன் வாயை மூடிக்கொள்வான். அவன் மனம் கேட்டுக்கொண்டேதான் இருக்கும்.

முதலில் அலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1964 பிப்ரவரியில் சோனி லிஸ்டனை வீழ்த்தி 22 வயதில் உலகப் பட்டத்தை வென்ற கையோடு, தன் பழைய பெயரை உதறிவிட்டு ‘முஹம்மது அலி’ ஆனவர். அப்போது அவர் சேர்ந்திருந்த ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ இயக்கத்தின் கொள்கை அஹ்லுஸ் ஸுன்னாவின் அகீதா அல்ல. 1975இல் அந்த இயக்கத்தின் தலைமை வாரிஸ் தீன் முஹம்மதிடம் வந்த பிறகுதான் அலியும் பெரும்பான்மை முஸ்லிம்களின் பாதைக்கு வந்தார். நம் மேடைகளில் இந்த விவரத்தைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம். 1967இல் வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது, ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் வெளியே இருந்தாலும், ஒரு வீரனின் மிகச் சிறந்த மூன்றரை ஆண்டுகளை மேடை ஏறாமலேயே இழந்தார். 1971 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. நாம் அவரை நேசிப்பதற்கு முதல் காரணம் அவர் கைமுட்டி அல்ல, இந்த மறுப்புதான் என்பது என் கருத்து.

அந்த மனிதர் தமிழ்நாட்டுக்கும் வந்தார். 1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை நேரு ஸ்டேடியத்தில், தன் சிறுவயது ஊர்க்காரரும் முன்னாள் சாம்பியனுமான ஜிம்மி எல்லிஸுடன் ஒரு காட்சிப் போட்டியில் கலந்துகொண்டார். அப்போது முதலமைச்சராக இருந்த எம்.ஜி.ஆருடன் அவர் நிற்கும் படத்தை இன்றும் வாட்ஸ்அப்பில் பகிர்ந்துகொள்கிறார்கள். காட்சிப் போட்டியில் யாரும் யாரையும் உண்மையாக அடிப்பதில்லை. சிரிப்பும் விளையாட்டும்தான். முந்தைய ஆண்டே அவர் ஓய்வு அறிவித்திருந்தார். அத்தோடு நின்றிருக்கலாம்.

நிற்கவில்லை. அதே 1980 அக்டோபர் 2ஆம் தேதி, லாஸ் வேகாஸில், 38 வயதில், லாரி ஹோம்ஸை எதிர்த்து மீண்டும் மேடை ஏறினார். குத்துச்சண்டை என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள விரும்பும் இளைஞர் ஒருவர் ஒரே ஒரு போட்டியைப் பற்றித்தான் படிப்பேன் என்றால், கின்ஷாசாவை விட்டுவிட்டு இதைப் படிக்கச் சொல்வேன்.

ஏற்கெனவே மூன்று முறை பட்டம் வென்றவர் நான்காவது முறையும் வெல்வாரா என்று உலகமே காத்திருந்தது. ஹோம்ஸ் ஒரு காலத்தில் அலியின் பயிற்சிக் கூடத்தில் அவருக்கு எதிரே நின்று பயிற்சி கொடுத்தவர். போட்டி நெருங்க நெருங்க அலியின் படங்கள் வெளிவந்தன. நரை மறைந்து கறுத்த முடி, ஒட்டிய வயிறு, பழைய அழகு. பார்த்தவர்கள், “அவர் திரும்பிவிட்டார்” என்றார்கள். அந்த மெலிவின் பின்னால் தைராய்டு மாத்திரை இருந்தது. பேச்சு குழறுகிறது என்ற ஐயம் எழுந்ததால் போட்டிக்கு முன் மேயோ கிளினிக்கில் பரிசோதனையும் நடந்தது. ஒற்றைக் காலில் துள்ளுவதிலும், விரலால் மூக்கைச் சரியாகத் தொடுவதிலும் அவருக்குத் தடுமாற்றம் இருந்ததாக அந்த அறிக்கையிலேயே உள்ளது. இருந்தும் நெவாடா மாநில ஆணையம் உரிமம் கொடுத்தது. பணம் பெரிது. காத்திருந்த கூட்டமும் பெரிது. போட்டிக்கு முந்தைய பரபரப்பு என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் அந்த எதிர்பார்ப்புக்கு இப்படி ஒரு வலிமை உண்டு: கண்ணெதிரே இருக்கும் நோயைக்கூட அது மறைத்துவிடும்.

பத்து சுற்றுகள் நடந்தன. மூன்று நடுவர்களின் மதிப்பெண் தாளிலும் அலிக்கு ஒரு சுற்றுகூடக் கிடைக்கவில்லை. பதினோராவது சுற்றுக்கு அவரை எழவிடாமல் அவருடைய பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ போட்டியை நிறுத்தச் செய்தார். வென்ற ஹோம்ஸ் அழுதார். வாழ்நாளில் 61 தொழில்முறைப் போட்டிகள் ஆடிய அலி, முடிவுக்கு முன்பே நிறுத்தப்பட்டுத் தோற்றது இந்த ஒன்றில் மட்டும்தான். அடுத்த ஆண்டு டிசம்பரில் பஹாமாஸில் இன்னொரு போட்டி, அதிலும் தோல்வி. 1984இல் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. அதன் பிறகு 32 ஆண்டுகள் வாழ்ந்தார். உலகத்திலேயே அதிகம் பேசிய நாவு மெல்ல மெல்ல அடங்கிப்போனது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையோடு அவர் தீபம் ஏற்றியதைப் பார்த்துக் கண் கலங்காதவர்கள் யார்? 2016 ஜூனில் அல்லாஹ்விடம் மீண்டார். அல்லாஹ் அவருடைய பிழைகளை மன்னிப்பானாக.

அந்த நோய்க்குக் குத்துகள் மட்டுமே காரணம் என்று மருத்துவர்கள் அனைவரும் ஒரே குரலில் சொல்வதில்லை. குத்துச்சண்டை ஆடாதவர்களுக்கும் பார்க்கின்சன் வருகிறது. ஆனால் தலையில் தொடர்ந்து அடி வாங்குவது மூளையைச் சிதைக்கும் என்பதில் இப்போது சந்தேகம் இல்லை. ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். மண்டை ஓட்டுக்குள் மூளை திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. தாடையில் பக்கவாட்டில் ஒரு குத்து விழுந்தால் தலை சுழல்கிறது. உள்ளே மூளை சற்றுத் தாமதித்துச் சுழன்று இழுபடுகிறது, அதன் நுண்ணிய நரம்பிழைகள் அறுகின்றன. நாக் அவுட் என்று நாம் கைதட்டுவது இந்த மூளை அதிர்ச்சிக்குத்தான். கையுறை பாதுகாப்புக்காக என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதுகாப்பது குத்துபவரின் விரல் எலும்புகளை. வெறும் கையால் மண்டையில் அடித்தால் கை உடையும் என்று பயப்படுபவர், கையுறை போட்டுக்கொண்டால் பயமின்றி நூறு முறை அடிப்பார். ஹெவிவெயிட்டில் இது இன்னும் கடுமை. மற்ற பிரிவுகளுக்கு எடையில் மேல் வரம்பு உண்டு, இதற்குக் கிடையாது. நூறு கிலோவுக்கு மேற்பட்ட உடலின் முழு பலமும் ஒரு தாடையில் வந்து இறங்குகிறது.

இனி மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். வீரமும் உடல் வலிமையும் இஸ்லாத்துக்கு அந்நியமானவை அல்ல. பலவீனமான முஃமினைவிட பலமான முஃமின் அல்லாஹ்வுக்கு விருப்பமானவர் என்ற கருத்தில் வரும் நபிமொழி முஸ்லிமில் உள்ளது. ருகானா என்ற மல்லருடன் நபி (ஸல்) அவர்கள் மல்யுத்தம் செய்து அவரை வீழ்த்திய செய்தியை அபூதாவூதும் திர்மிதியும் பதிவு செய்கிறார்கள் (அதன் அறிவிப்பாளர் தொடரில் திர்மிதிக்கே திருப்தி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்). உஹதுப் போருக்குச் செல்ல அனுமதி பெறுவதற்காகச் சிறுவர்கள் இருவர் மல்யுத்தம் செய்து காட்டிய வரலாறும் உண்டு. ஆக, இரு வீரர்கள் மோதுவது பிரச்சினை அல்ல.

பிரச்சினை முகம். சண்டையிட நேர்ந்தாலும் முகத்தைத் தவிர்க்கும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருக்கிறார்கள். இதற்கு இமாம் நவவி (ரஹ்) தரும் விளக்கம் கவனிக்கத் தக்கது: மனிதனின் அழகும் பெரும்பாலான புலன்களும் முகத்தில்தான் கூடியிருக்கின்றன. அங்கே விழும் அடி அவற்றை அழிக்கவோ குறைக்கவோ செய்யும். ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னால் எழுதப்பட்டது இது. நம் ஃபிக்ஹு நூல்களில் ஜினாயாத் பாடம் ஓதியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஓர் அடியால் ஒருவருடைய அறிவு போய்விட்டால், உயிர் போனதற்கு உரிய முழு தியாவையும் அடித்தவர் கொடுக்க வேண்டும். குத்துச்சண்டையில் அதே அறிவை மங்கச் செய்வதுதான் வெற்றிக்கு வழி. முகத்தில் அடிப்பது கூடாது என்ற மார்க்கமும், முகத்தில் அடித்தால் மதிப்பெண் என்ற விளையாட்டும் எப்படி ஒரு மேடையில் சேர்ந்து நிற்கும்?

“இருவரும் சம்மதித்துத்தானே இறங்குகிறார்கள்?” என்று கேட்கலாம். உடல் நமக்குச் சொந்தமல்ல, அமானிதம். சம்மதம் இழப்பீட்டைக் குறைக்கலாம், பாவத்தைப் போக்காது. இந்த அடிப்படையில்தான் மக்காவில் ராபிதாவின் கீழ் இயங்கும் இஸ்லாமிய ஃபிக்ஹு பேரவை, ஷைக் பின் பாஸ் (ரஹ்) தலைமை வகித்த காலத்தில், ஹிஜ்ரி 1408 ஸஃபர் மாதம் (1987 அக்டோபர்) நடந்த தனது பத்தாவது அமர்வில், இன்று நடைமுறையிலுள்ள குத்துச்சண்டை ஹராம் என்று தீர்மானித்தது. தொலைக்காட்சியில் அதை ஒளிபரப்பக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. உடற்பயிற்சியை மட்டும் நோக்கமாகக் கொண்ட, தீங்கு இல்லாத மல்யுத்த வகைகளை அது தடுக்கவில்லை.

அதே மண்ணில் 2019 டிசம்பரில் திர்இய்யாவில் ஆந்தனி ஜோஷ்வா – ஆண்டி ரூயிஸ் பட்டப் போட்டி நடந்தது. பிறகு ரியாத் இந்த விளையாட்டின் தலைநகராகவே மாறிவிட்டது. “சவூதியிலேயே நடத்துகிறார்களே” என்பது ஆதாரமாகாது. ஓர் அரசு நடத்தும் கேளிக்கை ஃபத்வா ஆகிவிடாது, அது எந்த அரசாக இருந்தாலும்.

மூளையைப் பற்றி இவ்வளவு சொன்னேன். நாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்றைய வீரர்கள் போட்டிக்கு முந்தைய செய்தியாளர் சந்திப்பில் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வதைப் பிரபலமாக்கியதில் அலிக்குப் பெரும் பங்கு உண்டு. அவருக்கு உரிமம் மறுக்கப்பட்டிருந்த காலத்தில் அவருக்காகப் பரிந்து பேசியவர் ஜோ ஃப்ரேசியர். அந்த ஃப்ரேசியரையே பின்னர் குரங்கு இனத்தோடு ஒப்பிட்டுக் கேலி செய்தார் அலி. 1975இல் மணிலாவில் இருவரும் 14 சுற்றுகள் ஒருவரையொருவர் சிதைத்துக்கொண்டார்கள். அந்தக் காயங்களைவிட ஃப்ரேசியருக்கு அதிக காலம் வலித்தது அந்தப் பேச்சு. 2001இல் அலி பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம் என்று சூரத்துல் ஹுஜுராத்தில் வரும் தடை, டிக்கெட் விற்பதற்காகச் செய்யும் பரிகாசத்துக்கும் பொருந்தும்.

பந்தயம் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. கைபேசிச் செயலியில் பத்து ரூபாய் கட்டினாலும் அது மைஸிர், சூரத்துல் மாயிதா வெளிப்படையாகத் தடுத்தது. தமிழ்நாடு அரசும் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்து 2022இல் சட்டம் இயற்றியது.

நம் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி சொல்வது நம் மாவட்டத்தின் அடிமுறையைப் பற்றி. வர்ம ஆசான்களின் கணக்கில் உடலில் 108 வர்மங்கள்; அவற்றில் 12 படுவர்மம், உயிருக்கே ஆபத்தானவை. நல்ல ஆசான் அவற்றை எடுத்த எடுப்பில் யாருக்கும் சொல்லித் தரமாட்டார். ஆண்டுக்கணக்கில் சீடனின் குணத்தைப் பார்ப்பார். அடியைக் கற்றுத் தருபவரே இளக்குமுறையையும் வைத்தியத்தையும் கற்றுத் தருவார். அடிபட்டவனுக்கு நாளை என்ன ஆகும் என்ற கவலை அந்தக் கலைக்குள்ளேயே இருக்கிறது. டிக்கெட் விற்கும் மேடையில் அந்தக் கவலைக்கு இடம் இல்லை.

நடைமுறையில் என்ன செய்வது? உடல் வலுவுக்காக மணல் மூட்டையில் குத்திப் பழகுவது, கயிறு தாண்டுவது, சிலம்பம், அடிமுறை, நம் கடலில் நீச்சல் ஆகியவற்றில் தொழுகை தவறாமல், அவ்ரத் பேணி ஈடுபடுவதற்குத் தடை இல்லை. முகத்தை முற்றிலும் தவிர்த்து, உடலுக்குத் தீங்கு நேராத வகையில் செய்யும் தற்காப்புப் பயிற்சியைப் பல ஆலிம்கள் அனுமதிக்கிறார்கள். பிள்ளையைப் பயிற்சி வகுப்பில் சேர்க்கும் பெற்றோர் கட்டணத்தைக் கேட்பதற்கு முன் பயிற்சியாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: தலையில் அடிக்க விடுவீர்களா? அடிபட்டுத் தலை சுற்றினால் அன்றே பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புவீர்களா? எந்த வயதில் போட்டிக்கு இறக்குவீர்கள்? முதல் கேள்விக்கு “ஆமாம், தலைக்கவசம் போட்டுத்தானே” என்று பதில் வந்தால், தலைக்கவசம் வெட்டுக் காயத்தைத்தான் குறைக்கும், உள்ளே மூளை சுழல்வதைத் தடுக்காது என்பதை நினைவில் வையுங்கள். ஆண்கள் அமெச்சூர் குத்துச்சண்டையில் 2013இலேயே அதைக் கழற்றிவிட்டார்கள்; 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் வெறுந்தலையோடுதான் ஆடினார்கள்.