தண்ணீர் புகுந்த வண்டியும் சிப் சாவியும்



நம் குழுக்களில் சிலர் கடன் எடுத்துப் பழைய கார், வேன் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறீர்கள். மழைக்காலம் வந்தால் கூட்டங்களில் எங்களிடம் வரும் கேள்வி இது: "தண்ணியில நின்ன வண்டி ஸ்டார்ட் ஆகலை. கம்ப்யூட்டரே போச்சுன்னு மெக்கானிக் பெரிய தொகை சொல்றாரு. கொடுக்கலாமா?" வண்டி நின்றாலும் மாதத் தவணை நிற்காதே. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. அப்போது முழுகிய வண்டிகள் பலவற்றில் இன்ஜின் கெட்டதோடு, சாவியை வண்டி அடையாளம் கண்டுகொள்ளாத கோளாறும் சேர்ந்துகொண்டது.

அது என்ன அடையாளம்? இன்றைய கார் சாவியின் கறுப்புப் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி மணி அளவில் ஒரு சிப் இருக்கிறது. சாவி போடும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள். சாவியைத் திருப்பியதும் அந்தச் சுருள்தான் சிப்புக்குக் கரண்ட் கொடுத்து அதன் ரகசிய எண்ணை வாங்குகிறது. இம்மொபிலைசர் என்ற பெட்டி அதைச் சரிபார்த்து, இன்ஜினை இயக்கும் இ.சி.எம். பெட்டிக்குச் சம்மதம் சொல்கிறது. நம் காசோலை மாதிரிதான். ஊக்குநர், பிரதிநிதி கையெழுத்து வங்கியில் இருக்கும் மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போனால்தானே பணம் வரும்? திருடன் கள்ளச்சாவி வெட்டினாலும் சிப் இல்லாததால் வண்டி கிளம்பாது.

கோளாறு இதில்தானா என்று ஓரளவு நாமே கண்டுபிடிக்கலாம். செல்ஃப் நன்றாக அடிக்கிறது, வண்டி கிளம்பவில்லை. அல்லது கிளம்பி இரண்டு விநாடியில் அணைந்துவிடுகிறது. டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் போட்ட விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. இப்படி இருந்தால் இம்மொபிலைசர் மேல் சந்தேகப்படலாம். சில வண்டிகளில் செல்ஃபே அடிக்காது. பேட்டரி இறங்கியிருந்தாலும் இதே மாதிரி ஏமாற்றும், அதை முதலில் பாருங்கள். அப்புறம் வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியைப் போடுங்கள். அதில் கிளம்பினால் குறை சாவியில்தான், செலவு சில ஆயிரத்தோடு போகும். இரண்டு சாவியிலும் கிளம்பவில்லை என்றால் சுருள், வயர், பெட்டி என்று வண்டிப் பக்கம் தேட வேண்டும்.

ஆனால் ஒன்று. இந்தச் சோதனை எல்லாம் சாவி மட்டும் நனைந்த வண்டிக்கு. வண்டிக்குள்ளேயே தண்ணீர் ஏறியிருந்தால் சாவியைத் திருப்பவே கூடாது. இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒரு தடவை செல்ஃப் அடிப்பதே கனெக்டிங் ராடை வளைத்துவிடும். தண்ணீர் வடிந்ததும் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். தண்ணீர் ஏறிய உயரம் தெரியும்படி போட்டோ எடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிட்டு, கட்டி இழுத்துப் போங்கள். சர்வேயர் பார்க்கும் முன் வேலையை ஆரம்பிக்க விடாதீர்கள். தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. முழு காப்பீடு இருந்தாலும், தண்ணீரில் ஸ்டார்ட் செய்து கெட்ட இன்ஜினுக்குப் பணம் தர மறுக்க வாய்ப்பு உண்டு.

சாவி மட்டும் கிணற்றிலோ துவைக்கிற துணியிலோ விழுந்திருந்தால் பயம் வேண்டாம். சிப் மூடி அடைக்கப்பட்டது, பெரும்பாலும் தப்பித்துவிடும். கெடுவது கதவு திறக்கும் ரிமோட் பகுதிதான். பிரித்துப் பட்டன் பேட்டரியை எடுத்துவிடுங்கள். உப்புத் தண்ணீர், சேற்றுத் தண்ணீர் என்றால் நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசி, நிழலில் ஒன்றிரண்டு நாள் காயவிட்டுப் புது பேட்டரி போடுங்கள். அடுப்படியில் வைக்க வேண்டாம். அரிசிப் பானைக்குள் புதைப்பதால் பயன் இல்லை, தவிடுதான் உள்ளே போகும்! பிரிக்கும்போது சிப் தனியாகக் கழன்று விழலாம், கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள். அது தொலைந்தால் சாவி வெறும் இரும்பு.

வண்டிப் பக்கம் கோளாறு என்றால் எடுத்த எடுப்பில் பெட்டி மாற்றச் சம்மதிக்காதீர்கள். ஸ்டியரிங் பக்கம், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். கழற்றி, எலக்ட்ரானிக் ஸ்பிரே அடித்துத் துடைத்துக் காயவைத்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும். "ஸ்கேனர் போட்டுப் பாத்தீங்களா, என்ன கோடு வந்துச்சு?" என்று கேளுங்கள். பொம்பளைக்கு என்ன தெரியும் என்று நினைப்பவரும் இந்தக் கேள்விக்கு நிதானித்துத்தான் பதில் சொல்வார்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், பழைய சாமான் கடையில் வெறும் பெட்டி வாங்கிப் போட்டால் ஓடாது. அது நம் மாதிரிக் கையெழுத்து இல்லாத வேறு வங்கிக் கிளை போல. ஒரே வண்டியின் இ.சி.எம்., இம்மொபிலைசர், சிப் சாவி மூன்றும் செட்டாக வர வேண்டும்; இல்லையென்றால் புதிதாக புரோகிராம் செய்ய வேண்டும். அதற்கு ஆர்.சி.யும் உரிமையாளர் அடையாள அட்டையும் கேட்பார்கள். பழைய வண்டி வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓட்டும் குழுக்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. இருக்கிற சாவி அத்தனையையும் கொண்டு போங்கள். பல வண்டிகளில் புதிதாகப் பதியும்போது, கையில் கொண்டுவராத சாவி அழிந்துபோகும்.

இம்மொபிலைசரையே எடுத்துவிட்டு ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். செலவு குறைவுதான். எங்களுக்கு உடன்பாடில்லை. கடன் முடியாத வண்டி திருடு போனால், பூட்டை நீங்களே எடுத்துவிட்டீர்கள் என்று இன்சூரன்ஸில் கேள்வி வரும்.

வண்டியோடு சாவி எண் பொறித்த ஒரு சின்னத் தகடு தந்திருந்தால் அதை ஓட்டுநரிடம் கொடுக்காமல் குழுப் பெட்டியில் பூட்டி வையுங்கள். இரண்டாவது சாவி பிரதிநிதி வீட்டில், தரையில் இல்லாமல் பரண் மேல் இருக்கட்டும்.