தலைமாட்டில் இருத்தல்

நிலையாமையைப் பேசாத தமிழ் அறநூல் அரிது. திருக்குறளில் அதற்கென ஓர் அதிகாரமே அமைந்துள்ளது. சித்தர் பாடல்களிலோ அது திரும்பத் திரும்ப ஒலிக்கும். வகுப்பறையில் அதனைப் பதம் பிரித்து விளக்குதலும் எளிதே. ஆயினும், பெற்றவர் இறுதி மூச்சு வாங்கும் இரவில் கற்றவை யாவும் ஒதுங்கி நின்றுவிடுகின்றன. நானுஓயாவைச் சூழ்ந்த தோட்டமொன்றின் லயத்துக் காம்பராவில், வெளியே பனி இறங்க, தாயின் பாயருகே விழித்திருக்கும் மகனிடம் யாக்கை நிலையாது என்று எடுத்துரைப்பதாற் பயன் யாது? அவன் அதனை அறியாதவன் அல்லன், கண்முன்னே காண்கின்றான். அவனுக்கு வேண்டுவது அறிவன்று, ஆறுதல். அஃது எவ்வழி வரும்?

இவ்வினாவுக்குத் திருவண்ணாமலையில் நிகழ்ந்த ஒரு மரணம் விடை கூறுகின்றது. ரமண மகரிஷி 1896 ஆம் ஆண்டில், பதினாறு வயதில், வீடு துறந்து அம்மலையை அடைந்தார். 1898 இல் தாயார் அழகம்மாள் தேடி வந்து மன்றாடி அழைத்தபோது, அவர் வாய் திறந்திலர். யாவும் விதிப்படியே நிகழும் என்னும் கருத்தினை எழுத்திலே தந்தார். தத்துவ நோக்கில் அது நிறைவான விடையே. தாயோ மகனைப் பெறாமலே ஊர் திரும்பினார்.

1914 இல் மீண்டும் வந்திருந்த தாயாரைக் கடுங்காய்ச்சல் பற்றியது. அப்பொழுது அதே மைந்தர், தாயைக் காத்தருளுமாறு அருணாசலப் பெருமானை வேண்டிப் பாட்டிசைத்தார். 1916 முதல் தாயும் மகனும் மலைமீது ஓரிடத்தே வாழ்ந்தனர். 1922 மே 19 அன்று அழகம்மாள் உயிர் பிரியும் நிலையை எய்தினார். மகரிஷி வலக்கையைத் தாயின் மார்பிலும் இடக்கையைத் தலையிலும் வைத்து, நெடும்பொழுது அருகிருந்தார். சூழ இருந்த அன்பர்கள் வேதமும் இராமநாமமும் ஓதினர். இரவு எட்டு மணியளவில் மூச்சு அடங்கியது. மலையடிவாரத்தில் அவ்வம்மையாரை அடக்கம் செய்த இடத்தைச் சூழ்ந்தே பின்னர் ரமணாசிரமம் வளர்ந்தது. ஆங்கு எழுந்த மாத்ருபூதேசுவரர் ஆலயத்துக்கு 1949 இல் குடமுழுக்கு நிகழ்ந்தது.

அன்று தாய் முத்தி எய்தினார் என்பது அடியார் நம்பிக்கை. அந்நம்பிக்கை இல்லாதாரும் இதில் கற்கவேண்டியது ஒன்றுண்டு. முன்னர் எழுத்தால் விடை கூறியவர், இறுதியிற் கையால் விடை கூறினார். ஆறுதல் என்பது உபதேசம் செய்தல் அன்று, உடனிருத்தல். உடனிருப்பவனுக்கே அவ்வாறுதலும் முதலிற் கிட்டுகின்றது. வாயில் நீர் விடுதலும், நெற்றியில் நீறு இடுதலும், கால் பிடித்தலும் அவனுடைய செயலற்ற துயரைத் தொண்டாக மாற்றிவிடுகின்றன.

நம் முன்னோர் கையோடு குரலையும் சேர்த்தனர். காசியில் இறப்போர் செவியிற் சிவபெருமானே தாரக மந்திரம் ஓதுவான் என்பது புராண மரபு. ஈழத்துச் சைவர் இல்லங்களில் உயிர் பிரியும் வேளை திருவாசகத்துச் சிவபுராணம் படிக்கப்பெறும். கத்தோலிக்கர் செபமாலை சொல்லுவர். இஸ்லாமியர் யாசீன் ஓதுவர். நினைவிழந்தார்க்கு இவை கேட்குமோ என்று ஐயுறுவார் உளர். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார் 2020 இல் வெளியிட்ட ஆய்வொன்று, மரணத்துக்குச் சில மணி நேரம் முன்பு, நினைவிழந்த நிலையிலும், சிலருடைய மூளை ஒலிக்கு எதிர்வினை காட்டியதைக் கண்டது. பொருள் விளங்கிற்றா என்பது வேறு வினா. ஆயினும், பழகிய குரலொன்று செவியருகே ஒலித்தல் வீண் அன்று எனத் துணியலாம்.

ஆனால், அருகிருக்கும் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. மலையகத்தார் இதனை நன்கறிவர். 1964 அக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மலைநாட்டிலிருந்து புகையிரதம் ஏறித் தலைமன்னார் சென்று, கப்பலிற் கடல் கடந்தோர் பலர். ஒரு குடும்பத்திலேயே பெற்றோர் ஒரு கரையிலும் பிள்ளைகள் மறுகரையிலுமாக நின்றதுண்டு. தாயின் மரணச் செய்தி கடிதமாக வந்து சேருமுன் கருமாதியும் கழிந்திருக்கும். இன்றோ மகன் கொழும்பிற் கடைச் சிப்பந்தியாகவும், மகள் வளைகுடா நாட்டில் வீட்டுப் பணிப்பெண்ணாகவும் இருத்தல் கூடும். விடுமுறை கிடைத்து வருமுன் எல்லாம் முடிந்துவிடும்.

இத்தகையோர்க்குப் பட்டினத்தார் துணை நிற்கின்றார். தாய் இறந்த செய்தி உணர்ந்து, அவர் சுடலைக்கு வந்து சேர்ந்தார் என்பதே வரலாறாக வழங்குவது. விறகை விலக்கிப் பச்சை வாழைமட்டையை அடுக்கிப் பாட்டினாலே தீ மூட்டினார் என்பர். நிலையாமையை அவரினும் கடுமையாகப் பாடியவர் எவர்? அத்தகையாரே, ஈமத்தின் முன் நின்றபொழுது, தாய் சுமந்ததையும் பாலூட்டியதையும் நினைந்து நினைந்து உருகினார். அழுத பின்னரே அண்ணாமலை இறைவனை விளித்து, தாயை அவன் திருவடியில் ஒப்படைத்தார். துறவிக்கே விலக்கப்படாத கண்ணீர் இல்லறத்தானுக்கு விலக்காகுமா? நம் பெண்டிரின் ஒப்பாரியைக் கல்லாதார் கூச்சல் என்று இகழ்வார் இதனைச் சிந்தித்தல் நன்று.

ஆதலின், அருகிருக்க இயன்றவர் இருப்பாராக. அவர் கை பேசட்டும். அங்ஙனம் இருப்போர்க்கு ஒரு நாட் சம்பளம் போகாதவாறு பார்த்துக்கொள்ளுதல் அயலார் கடன். தொலைவில் உள்ளார்க்கு இன்று தொலைபேசி உண்டு. அதனை நோயாளியின் செவியருகே பிடித்துக்கொள்ள ஒரு பேரப்பிள்ளை போதும். கடலுக்கு அப்பாலிருந்து மகள் பதிகம் பாடலாம். பதிகம் அறியாளாயின், "அம்மா" என்று அழைக்கலாம். பிறந்த குழந்தை முதலிற் கற்ற சொல் அது; தாய் இறுதியாகக் கேட்கத்தக்க சொல்லும் அதுவே.