கல்லு மாதிரி காற்று

சைக்கிளுக்குக் காற்று அடித்ததும் கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்ப்போம். கல்லு மாதிரி இருந்தால்தான் மனசு நிறையும். ரோட் பைக் பந்தயக்காரர்களும் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தார்கள். 23 மில்லிமீட்டர் அகல டயர், அதில் 110, 120 பி.எஸ்.ஐ. காற்று. இன்று அதே பந்தயங்களில் அகலம் 28, 30 என்று ஏறிவிட்டது, காற்று இறங்கிவிட்டது. வேகம் குறையவில்லை.

சூட்சுமம் டயர் தரையில் பதியும் இடத்தில் இருக்கிறது. ஆளும் வண்டியுமாக 80 கிலோ என்றால் பின்சக்கரத்தின் பங்கு ஏறக்குறைய 48 கிலோ. 80 பி.எஸ்.ஐ. காற்றில் அதைத் தாங்கச் சுமார் எட்டரைச் சதுர சென்டிமீட்டர் போதும், பாதித் தீப்பெட்டி. டயர் ஒல்லியோ குண்டோ, காற்று ஒன்றானால் இந்தப் பரப்பு அநேகமாக மாறாது. ஒல்லி டயரில் அது நீளமாகப் பதியும், குண்டு டயரில் அகலமாக. நீளமாகப் பதியும் டயர் கூடுதலாக மடங்கி நிமிர்கிறது. மடங்கும் ஒவ்வொரு முறையும் நம் கால் கொடுத்த சக்தியில் கொஞ்சத்தை ரப்பர் சூடாக்கித் தின்றுவிடும். அதனால் ஒரே காற்றில் அகல டயர்தான் லேசாக உருளும்.

சாலை சொரசொரப்பாக இருந்தால் கணக்கு இன்னும் தெளிவு. இறுகிய டயர் ஒவ்வொரு சரளையிலும் ஆளையே தூக்கிப் போடுகிறது. அந்தக் குலுக்கலைத்தான் நாம் வேகம் என்று நினைத்துக்கொள்கிறோம்! பெல்ஃபாஸ்ட் கால்நடை மருத்துவர் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடத்தான் காற்றடைத்த டயர் செய்தார். 1888இல் காப்புரிமையும் பெற்றார். மறு ஆண்டே அந்த டயர் பந்தயங்களில் ஜெயித்தது.

எனவே நம் சாலைகளுக்கு 28 வாங்குங்கள், ஃபிரேமில் இடமிருந்தால் 32. பழைய ரிம் பிரேக் வண்டிகள் பலவற்றில் 25க்கு மேல் நுழையாது. அளந்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

ரோட் பைக் டயரின் விட்டத்தையும் 28 இஞ்ச் என்பார்கள். கடையில் அதை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். ஊரில் ஓடும் கறுப்புச் சைக்கிளின் டயரும் 28 இஞ்ச்தான், ஆனால் அதன் ரிம் அளவு 635 மில்லிமீட்டர். ரோட் பைக்குக்கு 622. டயரின் பக்கவாட்டில் 28-622 என்று அச்சிட்டிருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம். அதுதான் நம்பகமான அளவு.

வழவழப்பான டயர் மழையில் வழுக்குமே என்ற பயம் காரிலிருந்து வந்தது. குறுகிய, அழுத்தமான சைக்கிள் டயர் தண்ணீரைத் தானே பிளந்து தரையைத் தொட்டுவிடும், பட்டன் வேண்டியதில்லை. ஈரத்தில் பிடிப்பைத் தருவது ரப்பரின் தரமும் சற்றே குறைத்த காற்றும்.

பாரம் அதிகம் என்பதால் பின் டயர்தான் முதலில் தேயும். அப்போது முன் டயரைக் கழற்றிப் பின்னுக்குப் போட்டுவிட்டு, புதியதை முன்னால் மாட்டுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் பல நேரம் சமாளித்துவிடலாம், முன்சக்கரம் வழுக்கினால் விழுந்த பிறகுதான் தெரியும்.