உடைந்த மின்விளக்கு சுவிட்ச்: நோயாளி உள்ள வீட்டில் பாதுகாப்பாக மாற்றும் முறை

வீட்டில் ஒரு சுவிட்ச் உடைந்தால் அது சிறிய பழுதாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. மேல்மூடியில் விரிசல் இருக்கும். அல்லது பொத்தான் உள்ளே அமிழ்ந்து நிற்கும். விளக்கு எரிந்துகொண்டிருப்பதால் மாற்றும் வேலை நாள்கணக்கில் தள்ளிப்போகும். நோயாளியோ முதியவரோ வசிக்கும் வீட்டில் இத்தாமதம் ஆபத்தானது. சுவிட்சை மாற்றுவதற்கு முன் நோயாளிக்காகச் செய்ய வேண்டிய ஏற்பாடுகள், மாற்றும் முறை, மின்னதிர்ச்சி (ஷாக்) ஏற்பட்டால் செய்ய வேண்டிய முதலுதவி ஆகியவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

சுவிட்ச் அணைந்திருந்தாலும் அதில் மின்சாரம் உண்டு

நீங்கள் நினைவில் கொள்ள வேண்டிய முதன்மையான செய்தி இதுவே. சுவிட்சை அணைக்கும்போது விளக்குக்குச் செல்லும் மின்சாரம் மட்டுமே நிற்கிறது. மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸ் கம்பி சுவிட்சின் ஒரு முனையில் எப்போதும் இணைந்தே இருக்கிறது. எனவே விளக்கு அணைந்துள்ள நிலையிலும், உடைந்த மூடியின் வழியாக உள்ளிருக்கும் உலோகப் பகுதியைத் தொடும் விரல் 230 வோல்ட் மின்னழுத்தத்தைத் தொடுகிறது. விளக்கு எரியவில்லை என்பதைக் கொண்டு அந்தப் பலகையில் மின்சாரம் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.

உடலுக்குள் மின்சாரம் என்ன செய்கிறது?

9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று எரிவதற்கு ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் தேவைப்படுகிறது. மனித உடலைப் பொறுத்தவரை இது சிறிய அளவன்று. சுமார் 1 மில்லி ஆம்பியர் பாயும்போது கூச்சம் உணரப்படும். 10 மில்லி ஆம்பியரைக் கடக்கும்போது கைத்தசைகள் இறுகி, பிடித்த பொருளை விட முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் மூச்சுத் தசைகள் பாதிக்கப்படலாம். 50 முதல் 100 மில்லி ஆம்பியர் வரை மார்பின் வழியாகப் பாய்ந்தால் இதயத்தின் ஒழுங்கான துடிப்பு கலைந்து, இரத்த ஓட்டம் நின்றுவிடக்கூடும்.

எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதைத் தோலின் ஈரம் பெருமளவு தீர்மானிக்கிறது. உலர்ந்த தோல் மின்னோட்டத்தை ஓரளவு தடுக்கும். ஈரமான தோலில் அத்தடை வெகுவாகக் குறைந்துவிடும். பாத்திரம் கழுவிய கையுடன், நனைந்த தரையில் வெறுங்காலுடன் நின்று உடைந்த சுவிட்சைத் தொடுவது உயிரைப் பறிக்கக்கூடிய செயல்.

வீட்டில் எம்.சி.பி. இருப்பதால் பாதுகாப்பு உண்டு என்று பலர் நம்புகின்றனர். எம்.சி.பி. என்பது மின்சுமை மிகும்போதும் குறுக்குச்சுற்று நேரும்போதும் கம்பிகளைக் காக்கும் கருவி. 6 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 6000 மில்லி ஆம்பியர். மனித உடல் வழியாகப் பாயும் மின்னோட்டம் அதனைச் செயல்பட வைக்கும் அளவுக்கு எட்டுவதில்லை. மனிதரைக் காப்பதற்கான கருவி ஆர்.சி.சி.பி. எனப்படும். மின்கசிவு 30 மில்லி ஆம்பியர் அளவை எட்டும்போது அது நொடிக்கும் குறைவான நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். உங்கள் வீட்டில் இக்கருவி இல்லையெனில் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்திக்கொள்ளுங்கள். எனினும் ஃபேஸ், நியூட்ரல் ஆகிய இரண்டு கம்பிகளையும் ஒருவர் ஒருசேரத் தொட்டால் ஆர்.சி.சி.பி.யும் அதனைக் கண்டறியாமல் போகலாம். ஆகவே அது இருந்தாலும் மின்சாரத்தைத் துண்டித்த பின்னரே பணியைத் தொடங்க வேண்டும்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

நீண்டகால நீரிழிவால் நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு விரல் நுனியில் உணர்ச்சி குறைந்திருக்கும். உடைந்த விளிம்பையோ மெல்லிய மின்கசிவையோ அவர்கள் உணராமல் போகலாம். பார்வை மங்கியவர்களும், நடுக்கவாத நோயாளிகளும் சுவிட்சைத் தடவித் தேடுவார்கள். நினைவாற்றல் குன்றியவர்கள் எச்சரிக்கையை மறந்து அதே சுவிட்சை மீண்டும் அழுத்துவார்கள். தவழும் குழந்தைகளுக்கும் தாழ்வான பலகைகளால் ஆபத்து உண்டு.

சுவிட்ச் இயங்காமல் போவதும் தீங்கே. கழிப்பறைக்குச் செல்லும் வழியில் விளக்கு எரியாததால் இரவில் விழுந்து இடுப்பெலும்பு முறியும் முதியவர்கள் உண்டு. இரத்தம் உறையாமைக்கான மாத்திரை உட்கொள்வோருக்குத் தலையில் படும் சிறிய அடியும் மூளையில் இரத்தக்கசிவை ஏற்படுத்தக்கூடும்.

மாற்றும் வரை செய்ய வேண்டியவை

• அந்தச் சுவிட்சுக்குரிய எம்.சி.பி.யை அணைத்து வைத்து, "தொடாதீர்கள்" என்று எழுதி ஒட்டுங்கள்.
• நோயாளியின் அறையிலும் கழிப்பறை வழியிலும் மின்கலத்தால் எரியும் விளக்கை வையுங்கள்.
• காயத்துக்கு ஒட்டும் மருத்துவப் பிளாஸ்டரைச் சுவிட்சின் மேல் ஒட்டாதீர்கள். அது மின்காப்புப் பொருள் அன்று, ஈரத்தை உறிஞ்சும்.
• தீப்பொறி எழும் சுவிட்ச் உள்ள அறையில் ஆக்சிஜன் செலுத்தக் கூடாது. ஆக்சிஜன் மிகுந்த சூழலில் துணியும் மெத்தையும் விரைந்து தீப்பற்றும். நோயாளியை வேறு அறைக்கு மாற்றுங்கள்.

நீங்களே மாற்றலாமா?

250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டு இணைப்பில், அமைப்பின் தன்மையை மாற்றாமல் பழைய சுவிட்சுக்குப் பதில் அதே வகையான புதிய சுவிட்சைப் பொருத்துவதை மின்சாரப் பாதுகாப்பு விதிமுறைகள் தடை செய்யவில்லை. புதிய இணைப்பு கொடுப்பது, கம்பி மாற்றுவது போன்ற பணிகளை உரிமம் பெற்றவர்களே செய்ய வேண்டும். விதி இடம் கொடுத்தாலும் கீழ்க்காணும் நிலைகளில் நீங்கள் கை வைக்காமல் மின்பணியாளரை அழையுங்கள்:

• சுவிட்ச் கருகியிருத்தல், உருகியிருத்தல், கருகிய நாற்றம் வீசுதல்
• சுவரில் ஈரம் ஊறியிருத்தல். சுவரையோ பலகையின் திருகாணியையோ தொட்டால் ஷாக் அடித்தல்
• படிக்கட்டு விளக்கைப் போல் இரண்டு இடங்களிலிருந்து இயங்கும் சுவிட்சாக இருத்தல்
• பலகைக்குள் உள்ள கம்பிகள் எவை எனப் புரியாதிருத்தல். கம்பியின் உறை நொறுங்கி உதிர்தல்
• மெயின் சுவிட்ச் எங்குள்ளது எனத் தெரியாதிருத்தல், அல்லது அது பழுதாகியிருத்தல்

இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி பொருத்தப்பட்டவர்களும், இதய நோயாளிகளும், கருவுற்ற பெண்களும், வலிப்பு நோய் உள்ளவர்களும் இப்பணியைச் செய்யலாகாது.

மின்சாரத்தைத் துண்டிக்கும் முன் நோயாளிக்கான ஏற்பாடுகள்

ஆக்சிஜன் செறிவூட்டியைச் சார்ந்திருப்பவருக்கு, மின்சாரம் நின்றவுடன் ஆக்சிஜனும் நின்றுவிடும். முன்கூட்டியே சிலிண்டரை இணைத்து, அதன் அளவுமானியில் போதுமான இருப்பு உள்ளதா எனப் பார்த்து, நோயாளி இயல்பாக மூச்சுவிடுவதை உறுதிசெய்த பின்னரே மெயினை அணையுங்கள். சிலிண்டர் இல்லையெனில் பணியை ஒத்திவையுங்கள். மூச்சுக்கருவியைப் பயன்படுத்துவோருக்கு, அதன் மின்கலம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். நெபுலைசர் மருந்தை முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். காற்று மெத்தை தளர்ந்துவிடும் என்பதால் நோயாளியைப் புரட்டிப் படுக்க வையுங்கள். குளிர்பெட்டியில் உள்ள இன்சுலினுக்கு ஒரு மணி நேர மின்தடையால் கேடு வராது. கதவைத் திறக்காமல் இருந்தால் போதும்.

பகல் வெளிச்சத்தில் பணியைச் செய்யுங்கள். நீங்கள் சுவிட்சை மாற்றும்போது வேறொருவர் நோயாளியின் அருகில் இருக்க வேண்டும்.

மாற்றும் படிகள்

1. அதே ஆம்பியர் அளவும் அதே வடிவமும் கொண்ட, ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற சுவிட்சை வாங்குங்கள். விளக்குக்கு வழக்கமாக 6 ஆம்பியர் சுவிட்ச் பயன்படுகிறது.

2. டெஸ்டரை, மின்சாரம் இருப்பது உறுதியான ஒரு பிளக் துளையில் வைத்துப் பாருங்கள். அது ஒளிர்ந்தால் மட்டுமே நம்பலாம்.

3. மெயின் சுவிட்சை அணையுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதனையும் அணைக்க வேண்டும். மெயினை அணைத்தவுடன் இன்வெர்ட்டர் தானாக இயங்கி, விளக்குச் சுற்றுகளுக்கு 230 வோல்ட் மின்சாரத்தை மீண்டும் அனுப்பத் தொடங்கும். இன்வெர்ட்டரை மட்டும் அணைத்தால் மெயின் மின்சாரம் அதன் வழியே தொடரக்கூடும். எனவே இரண்டையும் அணையுங்கள். மெயின் சுவிட்சை எவரும் போட்டுவிடாதபடி பூட்டுங்கள். இயலாவிடில் எழுதி ஒட்டுங்கள்.

4. கையை நன்கு உலர்த்தி, ரப்பர் அடியுள்ள செருப்பு அணிந்து, உலர்ந்த தரையில் நில்லுங்கள். பலகையின் திருகாணிகளைக் கழற்றி மூடியை விலக்குங்கள். கம்பிகளைத் தொடும் முன் அப்பலகையில் உள்ள எல்லா முனைகளிலும் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். ஒரே பலகைக்கு இரு வேறு சுற்றுகளிலிருந்து மின்சாரம் வந்திருக்கக்கூடும். ஏதேனும் ஒரு முனையில் ஒளிர்ந்தால் பணியை நிறுத்தி மின்பணியாளரை அழையுங்கள்.

5. கம்பியின் நிறத்தை நம்பாதீர்கள். சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்ற வழக்கம் பழைய வீடுகள் பலவற்றில் பின்பற்றப்படவில்லை. கைப்பேசியில் இணைப்புகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

6. பழைய சுவிட்சிலிருந்து ஒவ்வொரு கம்பியாகக் கழற்றி, புதிய சுவிட்சின் அதே முனையில் பொருத்துங்கள். ஒரே முனையில் இரண்டு கம்பிகள் இருந்தால் அவை அடுத்த சுவிட்சுக்கு மின்சாரம் கொண்டு செல்பவை. அவ்விரண்டையும் சேர்த்தே பொருத்த வேண்டும்.

7. திருகாணியை நன்கு இறுக்கி, கம்பியை மெல்ல இழுத்துப் பாருங்கள். தளர்ந்த இணைப்பு சூடேறிப் பின்னர் தீப்பிடிக்கக் காரணமாகும். முனைக்கு வெளியே செம்பு தெரியக் கூடாது.

8. மூடியைப் பொருத்திய பின்னரே மெயினையும் இன்வெர்ட்டரையும் போடுங்கள். விளக்கை எரியவிட்டு, சிறிது நேரம் கழித்துச் சுவிட்சின் மேற்பரப்பு சூடாகிறதா எனக் கவனியுங்கள். சூடு, சீறும் ஒலி, நாற்றம் ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே மெயினை அணையுங்கள்.

9. நோயாளியின் மருத்துவக் கருவிகள் அனைத்தும் மீண்டும் இயங்குவதைச் சரிபார்த்த பின்னர் சிலிண்டரை நிறுத்துங்கள்.

மின்னதிர்ச்சி ஏற்பட்டால்

• பாதிக்கப்பட்டவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினையும் இன்வெர்ட்டரையும் அணையுங்கள். அது உடனே இயலாவிடில், உலர்ந்த இடத்தில் நின்றுகொண்டு, உலர்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ அவரை மின்தொடர்பிலிருந்து விலக்குங்கள்.
• 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.
• அவர் அசைவின்றி, இயல்பான மூச்சின்றிக் கிடந்தால் உடனடியாக மார்பு அழுத்தத்தைத் தொடங்குங்கள். மார்பின் நடுவில் ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மற்றக் கையை வைத்து, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாதீர்கள். மின்னதிர்ச்சியால் இதயம் நின்றவர் பெரும்பாலும் அதற்கு முன்வரை நலமாக இருந்தவர்; உடனே தொடங்கும் மார்பு அழுத்தத்தால் அவர் பிழைக்கும் வாய்ப்பு உண்டு.
• தண்ணீர், காபி எதுவும் புகட்டாதீர்கள்.
• மின்தொடர்பு நீங்கிய பின், தீக்காயத்தின் மேல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடவிடுங்கள். பற்பசை, மை, மஞ்சள், பனிக்கட்டி ஆகியவை வேண்டாம்.

ஷாக் அடித்தவர் எழுந்து நடமாடினாலும், கீழ்க்காண்பவற்றுள் ஒன்று இருப்பின் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்: சிறிது நேரமேனும் மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத்திணறல், தீக்காயம், கை மரத்துப்போதல், கை ஒட்டிக்கொண்டு விட முடியாமல் போயிருத்தல், ஒரு கையில் நுழைந்து மறு கை வழியாக மின்சாரம் பாய்ந்திருத்தல், ஈரத்தில் நின்றிருத்தல், விழுந்து அடிபட்டிருத்தல். கருவுற்றவர், குழந்தை, இதய நோயாளி, பேஸ்மேக்கர் உள்ளவர் ஆகியோரை அறிகுறி இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும். தோலில் தெரியும் புண் சிறிதாக இருந்தாலும் உள்ளே தசை வெந்திருக்கக்கூடும். சிறுநீர் அடர்நிறமாக வெளியேறினால் அது தசைச் சிதைவின் அடையாளம். சிறுநீரகத்தைக் காக்க உடனடிச் சிகிச்சை தேவை.

மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்து இதயத்துடிப்பு ஆராயப்படும். வீட்டு மின்சாரத்தால் ஷாக் அடித்து, நலமாக உள்ளவரின் இ.சி.ஜி.யும் இயல்பாக இருந்தால் பெரும்பாலும் வீடு திரும்பலாம். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்தக் கையில் ஷாக் அடித்தது என்பதையும், அவர் உட்கொள்ளும் மாத்திரைகளையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

உங்கள் வீட்டின் மெயின் சுவிட்ச் எங்குள்ளது, இன்வெர்ட்டரை எவ்வாறு அணைப்பது என்பவற்றை வீட்டில் உள்ள பெரியவர்கள் அனைவருக்கும் இன்றே காட்டி வையுங்கள். உடல்நலம் குறித்த ஐயங்களுக்கு 104 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம்.