சமத்துப் பெண்ணையும் கொஞ்சம் கவனியுங்கள்!



ஒரு பையன் ஓரிடத்தில் உட்காராமல், கட்டில் மேல் ஏறிக் குதித்தால் 'அறுந்த வாலு' என்கிறோம். 'ஏ.டி.எச்.டி.யா இருக்குமோ, டாக்டரிடம் காட்டுங்க' என்று பள்ளியிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஆனால், அதே கவனக் குறைவுக் கோளாறு சத்தமே போடாத பெண் குழந்தைக்கும் இருக்கலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

என் நாத்தனார் மகளுக்கு 10 வயது. அடம் கிடையாது, குறும்பு கிடையாது. ஆனால், ஹோம்வொர்க் டைரியை அடிக்கடி வகுப்பிலேயே விட்டுவிட்டு வருவாள். கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு விடையை எழுத மறப்பாள். எண்ணெய் எடுத்து வரச் சொன்னால், வழியில் எதையாவது பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவாள். 'மந்தம்' என்று பள்ளியிலும் வீட்டிலும் திட்டு. ஒருநாள், "எனக்கு மூளையே இல்லையா அத்தை?" என்று கேட்டாளே, மனசு பதறிவிட்டது.

மனநல டாக்டரிடம் போகலாம் என்றதும் அவள் பாட்டிக்கு வந்ததே கோபம்! "பொம்பளப் பிள்ளையைப் பைத்தியக்கார டாக்டர்கிட்ட காட்டினா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்றார். நாத்தனாரும் நானும் துணிந்து அழைத்துப் போனோம்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். 100 குழந்தைகளில் சுமார் 5 பேருக்கு இது உண்டாம். துறுதுறுப்பும் அவசரமும் ஒரு வகை. கவனக் குறைவு மட்டும் ஒரு வகை. இரண்டும் கலந்தது இன்னொரு வகை. பெண் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கவனக் குறைவு வகை என்பதால் கண்ணில் படாமலே போய்விடுகிறது. 12 வயதுக்கு முன்பே தொடங்கி, 6 மாதத்துக்கு மேல், வீடு, பள்ளி இரண்டிலும் தென்பட்டால்தான் இந்தக் கோளாறு என்பார்களாம். ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ தெரியாது. கண், காது, தூக்கம் எல்லாம் சரிதானா என்றும் பார்த்தார். வளர்ப்புத் தவறால் வருவதில்லை, பெரும்பாலும் பரம்பரை என்றார்.

"வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா?" என்று அவர் கேட்டதும் நாத்தனார் தலைகுனிந்தாள். பாலை அடுப்பில் வைத்து மறப்பது, கரண்ட் பில் தேதியைத் தவறவிடுவது எல்லாம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம். பெரியவர்களுக்கும் இது நீடிக்குமாம். தனியாகப் பரிசோதித்ததில் அவளுக்கும் அதே கோளாறுதான். "இத்தனை வருஷமா என்னைச் சோம்பேறின்னு நானே நம்பிட்டு இருந்தேன் அண்ணி" என்று அழுதாள்.

இப்போது வீட்டில் சில மாற்றங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்கிறோம். 15 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு. இரவே புத்தகப் பை வாசல் அருகில் வந்துவிடும். பள்ளியில் முன் பெஞ்சு கேட்டு வாங்கினோம். செய்த சின்ன வேலைக்கும் உடனே பாராட்டு. அம்மாவுக்குக் கைபேசியில் அலாரம், சாவிக்கு ஓர் ஆணி.

மகளுக்குக் காலையில் ஒரு மாத்திரையும் உண்டு. அது பசியைக் குறைக்கும் என்பதால் முதலில் வயிறு நிறைய டிபன், பிறகுதான் மாத்திரை. எடை, உயரத்தை டாக்டர் அவ்வப்போது பார்க்கிறார். அவரைக் கேட்காமல் மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. 6 வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்குப் பெற்றோருக்கான பயிற்சிதான் முதலில்.

ரப்பர், பென்சில் இன்னமும் தொலைகிறது. ஆனால் 'மூளை இல்லையா' என்ற கேள்வி மட்டும் அவள் வாயில் வருவதில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பிள்ளையையும் 'மந்தம்' என்று முத்திரை குத்துமுன் ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கே போகலாம். தயக்கமாக இருந்தால் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் ஆலோசனை கேட்கலாம்.

- ஒரு வாசகி, மதுரை.