மோட்டார் கொட்டகை முதல் லடாக் வரை: பாலைவன வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போறீங்களா? முதல்ல இதைத் தெரிஞ்சுக்கோங்க

மார்கழி விடியலில் திருபுவனை பக்கம் வயல்வெளியில் மோட்டார் ஓடும்போது பார்த்திருப்பீர்கள். குழாயிலிருந்து தொட்டியில் விழும் தண்ணீரிலிருந்து லேசாக ஆவி பறக்கும். வெளியே குளிர், தண்ணீரோ வெதுவெதுப்பு. அதில் இறங்கிக் குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பியவர்கள் இந்தப் பகுதியில் ஏராளம். அதே ஆட்கள் இப்போது இன்ஸ்டாகிராமில் வேறு ஒரு காட்சியைப் பார்க்கிறார்கள். மரமே இல்லாத பழுப்பு நிற மலை, சுற்றிலும் பனி, நடுவில் ஆவி பறக்கும் குளம், அதில் கழுத்தளவு உட்கார்ந்திருக்கும் சுற்றுலாப் பயணி. 'இந்த வருஷம் லடாக் போறோம், அந்த வெந்நீர் ஊற்றுல ஒரு முழுக்கு போடுறோம்' என்று வாட்ஸ்அப் குழுவில் திட்டம் தொடங்கிவிடுகிறது. 'அப்பாவையும் கூட்டிட்டுப் போனா முட்டி வலி போயிடும்' என்ற வரியும் கூடவே வருகிறது.

திட்டம் நல்லதுதான். ஆனால் மோட்டார் கொட்டகைத் தொட்டிக்கும் பாலைவன வெந்நீர் ஊற்றுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தொட்டித் தண்ணீர் யாரையும் சுடாது. ஊற்றின் சூட்டை முடிவு செய்வது பூமி. அங்கே கீசர் போலத் திருகிக் குறைக்கும் பொத்தான் எதுவும் இல்லை.

போர் தண்ணீர் ஏன் வெதுவெதுப்பாக இருக்கிறது?

நிலத்துக்குள் சில மீட்டர் இறங்கினாலே பருவகாலம் மறைந்துவிடும். அங்கே வெப்பநிலை அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். புதுச்சேரி வட்டாரத்தில் அது சுமார் 28 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே இறங்க இறங்க சூடு ஏறும். பூமியின் பெரும்பாலான இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி வரை கூடுகிறது. ஆக, 200 மீட்டர் ஆழ போர் என்றால் தண்ணீர் சுமார் 33 டிகிரியில் வரும். கோடையில் அது சாதாரணமாகத் தெரியும். மார்கழிக் குளிரில் அதே தண்ணீர் வெந்நீராகத் தோன்றும்.

அப்படியென்றால் திருபுவனைக்குக் கீழே வெந்நீர் இல்லையா? கணக்குப்படி 2 கிலோமீட்டர் ஆழத்துக்குப் போனால் இங்கேயும் சுமார் 80 டிகிரி சூடு இருக்கும். அந்தச் சூடு மேலே வர வழி இல்லை என்பதுதான் விஷயம். இங்கே மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. தண்ணீர் அந்த அடுக்குகளில் மெதுவாகப் பக்கவாட்டில் நகர்கிறது.

வெந்நீர் ஊற்று உருவாக மூன்று விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும். ஆழத்துக்கு இறங்கும் தண்ணீர், அதைச் சூடாக்கும் பாறை, சூடு ஆறுவதற்குள் மேலே கொண்டுவரும் விரிசல். மூன்றாவது இல்லாவிட்டால் ஊற்று இல்லை.

மழையே இல்லாத பாலைவனத்தில் தண்ணீர் எப்படி வந்தது?

பாலைவனம் என்றதும் நமக்கு மணல்மேடும் ஒட்டகமும்தான் நினைவுக்கு வரும். லடாக்கும் பாலைவனம்தான், குளிர் பாலைவனம். லே நகரில் ஆண்டுக்குப் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து சுமார் 100 மில்லிமீட்டர். புதுச்சேரியில் வடகிழக்குப் பருவமழையின் ஒரே நாளில் அவ்வளவு கொட்டிய சந்தர்ப்பங்கள் உண்டு.

ஊற்றுத் தண்ணீர் அந்த இடத்தில் பெய்த மழையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. உயர்ந்த மலைகளில் உருகும் பனி பாறை இடுக்குகளில் இறங்கி, நீண்ட காலம் ஆழத்தில் பயணித்து, வேறொரு பள்ளத்தாக்கில் வெளியே வருகிறது. நேற்று பெய்த மழைக்கும் இன்று கொதிக்கும் ஊற்றுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

அந்தத் தண்ணீரைச் சூடாக்குவது எது? லடாக்கில் எரிமலை ஏதும் இல்லை. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு ஆசிய நிலத்தட்டோடு மோதத் தொடங்கியது. அந்த மோதல் கோடு சிந்து நதிப் பள்ளத்தாக்கை ஒட்டியே ஓடுகிறது. மோதலில் பாறைகள் மடிந்து தடித்தன, உடைந்து விரிசல் விட்டன. சூடான பாறையும் தண்ணீர் மேலே வரும் வழியும் இப்படி ஒரே இடத்தில் அமைந்தன. அங்குள்ள பூகா பள்ளத்தாக்கில் ஆழம் போகப் போகச் சூடு ஏறும் வேகம் நம்மூரைப் போல மூன்று, நான்கு மடங்குக்கும் அதிகம்.

எந்த ஊற்று எப்படி?

இந்தியாவில் 340-க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகளை இந்தியப் புவியியல் ஆய்வு மையம் பட்டியலிட்டிருக்கிறது. இமாச்சலத்தின் மணிகரண், பீகாரின் ராஜ்கிர், மேற்கு வங்கத்தின் பக்ரேஷ்வர் எல்லாம் பெயர்பெற்றவை. பாலைவன ஊற்று என்று தேடுபவர்களுக்கு லடாக்கில் மூன்று பெயர்கள் முக்கியம்.

பனாமிக்: லேயிலிருந்து கர்துங் லா கணவாயைத் தாண்டி நுப்ரா பள்ளத்தாக்கில் சுமார் 150 கிலோமீட்டர் போக வேண்டும். உயரம் ஏறக்குறைய 3,200 மீட்டர். ஊற்று நீரைக் குளியல் அறைகளுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு இந்த மூன்றில் இதுதான் எளிது.

சுமத்தாங்: லேயிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். சோ மொரிரி ஏரிக்குப் போகும் பாதையில், சிந்து நதிக் கரையிலேயே இருக்கிறது. ஒரு பக்கம் உறைய வைக்கும் ஆறு, சில அடி தள்ளி கை வைக்க முடியாத சூட்டில் ஊற்று.

பூகா: கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,400 மீட்டர். இங்கே ஊற்று நீர் 84 டிகிரி வரை போகிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 85 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அதாவது, பூகாவின் சூடான ஊற்றுகள் கிட்டத்தட்ட கொதிக்கும் தண்ணீர். அது பார்த்து ரசிக்கும் இடம். இறங்கும் இடம் இல்லை.

பூகாவில் தரை ஆங்காங்கே வெள்ளையாகவும் மஞ்சளாகவும் பூத்திருக்கும். வெள்ளை வெண்காரம், மஞ்சள் கந்தகம். நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தரும் அதே சரக்குகள், அங்கே ஊற்று நீர் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன படிவுகளாகக் கிடக்கின்றன. கந்தகம் கலந்த ஊற்றுக்குப் பக்கத்தில் அழுகிய முட்டை வாடை அடிப்பதும் இதனால்தான்.

வளைகுடாவில் வேலை செய்யும் தமிழர்களுக்கு இன்னொரு பாலைவன ஊற்று பழக்கம். அமீரகத்தின் அல் ஐன் நகரில் ஜெபல் ஹஃபீத் மலையடிவாரத்தில் கிரீன் முபஸ்ஸரா பூங்கா இருக்கிறது. வெள்ளிக்கிழமையோ ஞாயிறோ நண்பர்களோடு வண்டி பிடித்துப் போய்க் காலை நனைத்துவிட்டு வருவார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளியல் வசதி உண்டு.

மலையும் வேண்டாம், பாலைவனமும் வேண்டாம் என்றால் தமிழர்களுக்கு நெருக்கமான ஊற்று இலங்கையின் திருகோணமலை அருகே உள்ள கன்னியா. அடுத்தடுத்து ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம். உள்ளே இறங்குவதில்லை, வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். ராவணன் தன் தாயின் இறுதிக் கடனுக்காக உருவாக்கியது என்பது ஐதீகம். இன்றும் தமிழர்கள் முன்னோர் கடன் செய்யும் இடம் அது. அந்த நிலத்தின் நிர்வாக உரிமை குறித்து 2019-ல் போராட்டமும் நீதிமன்ற வழக்கும் நடந்தன.

முட்டி வலி போகுமா?

கொஞ்சம் போகும், கொஞ்ச நாளைக்கு. வெந்நீரில் உட்கார்ந்தால் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, தசை இறுக்கம் தளர்கிறது, உடல் எடையைத் தண்ணீர் தாங்குவதால் மூட்டுக்கு ஓய்வு கிடைக்கிறது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் கனிமக் குளியல் வலியைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. ஆனால் அவற்றில் பல சிறிய ஆய்வுகள். நிவாரணம் தந்தது கனிமமா, சூடா, விடுமுறையா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

கனிமங்கள் தோல் வழியாக உள்ளே போய் நோயைத் தீர்க்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. தோலின் வேலையே வெளியில் இருப்பதை உள்ளே விடாமல் காப்பது. 'இந்தத் தண்ணியைக் குடிச்சா சுகர் இறங்கும்' என்று யாராவது பாட்டிலை நீட்டினால் வாங்கிக் குடிக்காதீர்கள். ஊற்று நீரில் ஃபுளோரைடு, போரான், சில இடங்களில் ஆர்சனிக்கூட அதிகமாக இருக்கலாம். வழக்கமான மாத்திரையை நிறுத்தவே கூடாது.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

அப்பாவைக் கூட்டிப்போகத் திட்டமிடுபவர்கள் இந்தப் பகுதியை ஒருமுறைக்கு இருமுறை படிக்கலாம்.

- ரத்த அழுத்தம், இதய நோய்: சூட்டில் ரத்தக் குழாய் விரிவதால் அழுத்தம் இறங்கும். திடீரென்று எழுந்தால் தலைசுற்றி விழ வாய்ப்புண்டு. அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது.

- சர்க்கரை நோய்: பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுடுவதே தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். காலை வைத்துச் சூடு பார்ப்பது இவர்களுக்கு ஆபத்து. பக்கத்தில் இருப்பவர் கையை வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

- கர்ப்பிணிகள்: உடல் வெப்பநிலை ஏறுவது கருவுக்கு நல்லதல்ல. ஊற்றுக் குளியலைத் தவிர்ப்பதே சரி.

- மது: குடித்துவிட்டு வெந்நீரில் இறங்குவது இரட்டை ஆபத்து. மயக்கம் வந்தால் தண்ணீருக்குள்ளேயே வரும்.

லடாக்கில் இதோடு உயரமும் சேர்கிறது. சுமார் 4,400 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் நம்மூரில் கிடைப்பதில் 60 சதவீதம் அளவுதான். சென்னையிலிருந்து விமானம் பிடித்து, டெல்லி வழியாக அன்றே லேயில் இறங்கும் ஒருவர் ஒரே நாளில் 3,500 மீட்டர் ஏறிவிடுகிறார். குறைந்தது 48 மணி நேரம் லேயிலேயே ஓய்வெடுத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். தலைவலி, வாந்தி, மூச்சிரைப்பு இருக்கும்போது 'சூடா குளிச்சா சரியாயிடும்' என்று ஊற்றில் இறங்கக் கூடாது. உயர நோய்க்கு மருந்து கீழே இறங்குவதுதான்.

குளிக்கும்போது என்ன செய்ய வேண்டும்?

உடம்புக்கு இதமான சூடு 37 முதல் 40 டிகிரி வரை. 60 டிகிரி தண்ணீர் சில நொடிகளிலேயே ஆழமான தீக்காயம் ஏற்படுத்தும். ஊற்றின் வாய்க்கும் நாலடி தள்ளியுள்ள குளத்துக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கலாம் என்பதால், கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் பையில் இருந்தால் போதும். உள்ளூர்க்காரர்கள் குளிக்காத இடத்தில் நீங்களும் குளிக்காதீர்கள். ஊற்றைச் சுற்றியுள்ள வெள்ளைப் படிவு கெட்டித் தரை போலத் தெரியும். கால் வைத்தால் உடைந்து உள்ளே போகலாம்.

ஒரு தடவைக்கு 10 முதல் 15 நிமிடம் போதும். மெதுவாக எழுந்து, உடனே துடைத்து, தொப்பியும் கம்பளி உடையும் போட்டுக்கொள்ளுங்கள். குளிர் பாலைவனத்தில் ஈர முடியோடு நிற்பது ஆபத்து. தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

தலையை முக்காதீர்கள். கேரளத்தில் 2024, 2025-ல் அமீபா மூளைக்காய்ச்சல் செய்தியானது நினைவிருக்கும். அந்நோயை உண்டாக்கும் நெக்லேரியா என்ற அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழும், 46 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். குடிப்பதால் வராது, மூக்கு வழியாக நீர் ஏறினால்தான் வரும். மிக அரிதான நோய், ஆனால் வந்தால் பிழைப்பவர்கள் குறைவு. கழுத்துக்குக் கீழே மட்டும் நனைத்தால் இந்தக் கவலை பெருமளவு போய்விடும்.

ஊற்றுக்கு வேறு ஒரு வேலையும் காத்திருக்கிறது

பூகாவின் சூட்டில் மின்சாரம் எடுக்க 2021 பிப்ரவரியில் ஓஎன்ஜிசி, லடாக் நிர்வாகம், லே மலைப்பகுதி வளர்ச்சி கவுன்சில் ஆகியவை ஒப்பந்தம் செய்தன. முதல் கட்ட இலக்கு 1 மெகாவாட். குளிர்காலத்தில் டீசலை நம்பியிருக்கும் பகுதிக்கு, இரவும் பகலும் கிடைக்கும் பூமியின் சூடு பெரிய உதவி. அதே சமயம் பூகா, கருங்கழுத்துக் கொக்குகள் வரும் ஈரநிலம். சாங்பா மேய்ப்பர்களின் மேய்ச்சல் நிலம். 2022-ல் துளையிட்டபோது பூமிக்குள்ளிருந்து பீறிட்ட நீர் ஓடையில் கலந்ததால் கவலை எழுந்தது.

இந்த நிலத்துக்குச் சுற்றுலாப் பயணியும் ஒரு சுமைதான். சோப்பு, ஷாம்பு, பிளாஸ்டிக் பாட்டில் எதுவும் ஊற்றில் சேரக் கூடாது. மழையே இல்லாத இடத்தில் அதைக் கழுவிக்கொண்டு போகத் தண்ணீர் வராது.

ஆக, லடாக் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். இரண்டு நாள் லேயில் ஓய்வு, முதல் ஊற்று பனாமிக், கால் மணி நேரக் குளியல், அப்பாவுக்கு டாக்டர் சொன்ன அளவு மட்டும். டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அப்பாவுக்கு வருத்தம் வேண்டாம். மார்கழி வந்ததும் அவருக்கு மோட்டார் கொட்டகை இருக்கிறது. அந்த 33 டிகிரி தண்ணீரும் பூமி சூடாக்கிக் கொடுத்ததுதான்.